பத்மாவதியின் கடைசி வசனம்

பூனை செத்துப்போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு சாம்பமூர்த்தி ஒப்பாரி வைக்கிறான். மாமா சிரிக்கிறார், அத்தை சிரிக்கிறார், சோபாவின் கைப்பிடிமேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டபடி என் வீட்டுக்காரர் குகன் சிரிக்கிறார். சிரிக்கிறான். இன்றைக்கு அவனுக்கு ‘ர்’ கிடையாது, வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டாலும் மனசுக்குள் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மனசுக்குள்ளேயும் மரியாதையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், யார் கேட்டார்கள் அந்த மரியாதையை. நான் கீழே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். காம்பைப் பிடித்து ஒரு இழு, இலையெல்லாம் முறத்தில். இன்னொரு காம்பு, இன்னொரு இழு. டிவியில் பூனை வாலை ஆட்டுகிறது. சாகவில்லை, பாலைக் குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பாலில் விஷமே இல்லை, பத்மாவதி எழுதுகிற நாடகத்தில்தான் விஷம். அந்த மடையன் அவள் எழுதிவைத்த தாளில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பெண்டாட்டி தன்னைத்தான் கொல்லப்போகிறாள் என்று நினைத்துவிட்டான். ‘பேனா பிடித்த பத்மாவதி’. பல்பொடிக் கம்பெனி குமாஸ்தாவுக்கு வாக்கப்பட்டு, அடுப்படியில் உட்கார்ந்து நாடகம் எழுதுகிற பத்மாவதி. மாமாவும் அத்தையும் கல்யாணமான புதிதில் உறையூர்க் கொட்டகை ஒன்றில் பழைய படமாகத் திரும்பப் போட்டபோது சேர்ந்து பார்த்த படமாம், இடைவேளையில் மாமா முறுக்கு வாங்கிக் கொடுத்தாராம், வீட்டுக்கு வரும்போது மழையாம், ஒரே குடையாம். அன்றையிலிருந்து எந்தச் சேனலில் போட்டாலும் சாப்பாட்டை முடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நானும் உட்கார வேண்டும். டிவி சத்தம் தெருமுனை பால் பூத் வரைக்கும் போகும், ஏனென்றால் மாமாவுக்குக் காது மந்தம். குக்கர் விசில் அடித்தால் ‘யாரோ கூப்பிடறாங்க பாரு’ என்பார். காதில் வைக்கிற மிஷினை வாங்கிக் கொடுத்தார்கள், உள்ளே கரப்பான்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறதென்று மேசை டிராயரில் போட்டுவிட்டார். நான் பேசிய ஒரு வார்த்தையும் இதுவரை அவரிடம் போய்ச் சேர்ந்ததில்லை. ‘மாமா, காபி’ என்றால் டம்ளரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ‘பூங்கோதை பேசினா அவ காதுக்கே கேக்காது, இதுல இவருக்கு எங்க கேக்கப்போவுது’ என்று அத்தை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். உண்மைதான். பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ சொன்ன பிறகும் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள்.

மடியில் போன் நடுங்குகிறது. எடுக்கமாட்டேன். எனக்குத் தெரியும் அது என்னவென்று. வாழ்த்து. நாடகக் குழுவில் யாரோ ஒருத்தர் பூங்கொத்துப் படமோ பொக்கைவாய்க் குழந்தைப் படமோ அனுப்பியிருப்பார்கள். மத்தியானத்திலிருந்து இப்படித்தான், ஒவ்வொரு வாழ்த்துக்கும் வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு நடுக்கம், உள்ளே ஏதோ உதைக்கிற மாதிரி. சீ. மத்தியானம் நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்தேன். எங்கள் நாடகக் குழுவின் டைரக்டர் அருளப்பன் சார் எப்போதும் பேசித்தான் அனுப்புவார், எழுதினால் என் குரல் எங்கே போகும் என்பார். ‘கோதை, மாப்பிள்ளை போன் பண்ணியிருந்தாரும்மா. வீட்ல விசேஷம்னு சொன்னாரு. ரொம்ப ரொம்பச் சந்தோசம். நான் மேல எதுவும் கேட்டுக்கல, அவரும் கூச்சப்பட்டுக்கிட்டு வச்சிட்டாரு. இந்த நேரத்துல பரிசல்ல ஏறுறது இறங்குறது குதிக்கிறது எல்லாம் ஒனக்கு வேண்டாம். இன்னிக்குச் சாயங்காலம் ஒத்திகைக்கு வராத. பரிசல்காரிய ரோசலின் பண்ணட்டும்னு சொல்லிட்டேன். நீ நல்லாச் சாப்புடு. புள்ளையத் தூக்கிக்கிட்டு வா, மொத வரிசையில ஒக்கார வைக்கிறேன்.’ கடைசியில் ஒரு இருமல். அவ்வளவுதான். எண்ணெயில் அப்பளம் பழுப்பாகிக் கருப்பாகி ஓரம் சுருண்டு புகைந்தது, நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு விசேஷமாம். எனக்குத் தெரியாமல் எனக்கு விசேஷம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன வாரம்தான் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்திருந்தேன், அவனே வெந்நீர்ப் பையைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான், அப்படியும் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. ஒருவன் வெளியே சொல்லிவிட்டால் உள்ளே இருப்பதுகூடச் சந்தேகமாகிவிடுமா. எவ்வளவு தைரியம். வாய் கூசாமல் எப்படிச் சொன்னான். ‘என்ன தீய்ஞ்ச வாடை?’ என்று வந்தான் அவன், தட்டில் கிடந்த கருகின அப்பளத்தை எடுத்தான், ‘எனக்குக் கருகினதுதான் புடிக்கும், நல்லத அம்மாவுக்குப் போடு’ என்று நின்றுகொண்டே தின்றான். நொறுக் நொறுக்கென்று. அந்தச் சத்தம் இன்னும் எனக்குள் நொறுங்குகிறது. அப்போதே கேட்டிருக்கலாம். சார்கிட்ட என்ன சொன்னீங்க? ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது, ரசத்தைக் குடிப்பதுபோலக் குடித்துவிட்டேன்.

காம்பு, இழு. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். குடிகாரன்மேல், கை நீட்டுகிறவன்மேல் கோபப்பட்டால் நாலு பேர் துணைக்கு வந்து நிற்பார்கள். இவன் பாத்திரம் கழுவுவான். என் அம்மா மணப்பாறையிலிருந்து வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். என்னைப் பார்த்ததே மேடையில்தான். புத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம் போட்டோம், நான் புளியமரத்துப் பிசாசு, மூஞ்சியெல்லாம் கரி. நாடகம் முடிந்ததும் பின்னால் வந்து நின்று, ‘அந்தப் பிசாசு யாருங்க?’ என்று கேட்டான். எல்லாரும் என்னைக் காட்டினார்கள், நான் தேங்காயெண்ணெய் தொட்டு மூஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ‘கடைசி வரிசையில ஒக்காந்திருந்தேங்க, காதுக்குள்ள வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு’ என்றான். அது என்ன பெரிய வித்தை. சின்ன வயசில் தாத்தா கதை சொல்லும்போது பிசாசு வருகிற இடத்தில் குரலை ஏற்றவே மாட்டார், இறக்குவார், இறக்கிக்கொண்டே போவார், கோடியில் படுத்திருக்கிற பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். அதைத்தான் செய்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவனே சொன்னான்: ‘கல்யாணத்துக்கு அப்புறமும் அவங்க நடிக்கணும், நிறுத்திடக் கூடாது.’ என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை. நானும் பூரித்துப்போய் உள்ளே ஓடினேன், சொஜ்ஜியில் இன்னும் ரெண்டு முந்திரி போட்டுக்கொண்டு வந்தேன். நடிக்கணும் என்று சொல்கிறவனுக்கு நடிக்க வேண்டாம் என்று சொல்கிற வேலையும் சேர்ந்தே வந்துவிடும் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. கல்யாணமான பிறகு முதல் நாடகம் இது. ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே, ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் நாம நாலு பேரும் சேந்து இருக்கோம்’ என்றான். ‘இல்லங்க, நான் போறேன்’ என்றேன். ‘ம்’ என்றான். அந்த ‘ம்’முக்குச் சரி என்று அர்த்தம் எழுதிக்கொண்டது நான்தான். அதற்கு அர்த்தம், ‘நீ சொன்னது கேட்டுச்சு, நடக்கிறத நான் பாத்துக்கிறேன்’.

சாம்பமூர்த்தி இப்போது சமையல்காரனைக் கூப்பிட்டு, முதலில் நீ சாப்பிடு, நீ செத்தால் நான் சாப்பிடமாட்டேன் என்கிறான். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பத்மாவதி பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன், இவர்கள் பூனையையும் சமையல்காரனையும் பார்க்கும்போது நான் அவள் கையைப் பார்ப்பேன். நிஜமாகவே எழுதுகிறாள். சினிமாவில் எழுதுகிறவர்கள் பேனாவை ஆட்டுவார்களே ஒழிய எழுதமாட்டார்கள். இந்த நடிகை எழுதுகிறாள், ஒரு வார்த்தையை அடிக்கிறாள், மேலே பார்த்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து வேறொன்று எழுதுகிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்க அந்த இடத்தில் எதுவும் இல்லை. அதனால் அந்த இடம் சட்டென்று போய்விடுகிறது, திரும்பவும் சமையல்காரன். நான் பரிசல்காரி. நாடகத்தில் என் பேர் அதுதான், வேறு பேர் கிடையாது. வரி வசூல் பண்ணப் போகிற அதிகாரி அவள் பரிசலில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓட்டு ஓட்டு என்கிறான், நடு ஆற்றில் அவன் எதற்குப் போகிறான் என்று தெரிந்ததும் அவள் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுகிறாள். ‘இறங்கு.’ சுற்றிலும் தண்ணீர். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாடகமே. எனக்கு அது வரவில்லை. கத்தினேன், ‘சந்தைக்கடைல கத்துற மாதிரி இருக்கு’ என்றார் அருளப்பன் சார். பிசாசு மாதிரி குரலை இறக்கினேன், ‘இப்ப நீ பயமுறுத்துற. அவ எதுக்குப் பயமுறுத்தணும்? அவ பரிசல் அது. அவ சொல்றா, அவன் இறங்குறான். அவ்வளவுதான் கோதை, ரொம்பச் சாதாரணம்’ என்றார். சாதாரணமாம். இத்தனை நாளாகக் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன், அரிசி களையும்போது சொல்லிப் பார்க்கிறேன், இறங்கு, இறங்கு, ஒரு தடவைகூட எவனும் இறங்குகிற மாதிரி இல்லை. இன்று சாயங்காலம் அதை எல்லார் முன்னாலும் சொல்லிப் பார்ப்பதாக இருந்தது. இப்போது ரோசலின் சொல்லுவாள். நல்ல பெண், கீச்சுக்குரல், இறங்கு என்று அவள் சொன்னால் பரிசலோடு சேர்ந்து ஆறே சிரிக்கும். ஆனாலும் அவள்தான் பரிசல்காரி, நான் முதல் வரிசையில் பிள்ளையோடு உட்காருகிறவள். எந்தப் பிள்ளை? இல்லாத பிள்ளை. அதற்கு என்ன வழி என்று யோசித்தானா அவன்? நாளைக்குக் கடைத்தெருவில் சாரைப் பார்த்தால் என் வயிற்றைப் பார்ப்பாரே. ரெண்டு மாசம் கழித்து மறுபடி பார்ப்பாரே. கலைந்துவிட்டது என்று சொல்லச் சொல்லுவானா, இல்லாததைக் கலைக்கச் சொல்லுவானா, இல்லை, சொன்னதை மெய்யாக்கிவிட்டால் போச்சு என்று சிரித்துக்கொண்டே விளக்கை அணைப்பானா. கோபத்துக்கு நடுவில் பயம் எங்கிருந்து வந்தது. ஒரு வார்த்தையை வெளியே விட்டுவிட்டான், இப்போது என் உடம்பு அதன் பின்னாலேயே ஓடிப்போய் அதை நிஜமாக்க வேண்டும். காம்பு முறிந்து கீரையோடு சேர்ந்து முறத்தில் விழுகிறது. விழட்டும். நாளைக்கு எல்லார் தொண்டையிலும் சிக்கட்டும்.

சோப்பு விளம்பரம் வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது. ‘என்னங்க’ என்றேன். சோப்புக்காரி அருவியில் பாடுகிறாள். ‘என்னங்க.’ கீரைக்காம்பால் அவன் பாதத்தைத் தட்டினேன், அப்புறம்தான் குனிந்தான். ‘அருளப்பன் சாருக்குப் போன் பண்ணீங்களா?’ ‘அட ஆமா, ஒங்கிட்டச் சொல்லவே மறந்துட்டேன். நேத்தே பண்ணிட்டேன். நீ எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிக்கிட்டு இருந்தியே, அதான்.’ ‘எதச் சொல்ல?’ ‘வரமுடியாதுன்னு.’ நான் தவித்தேனாம். நான் தவித்தது அந்த ஒரு வார்த்தைக்கு, இவன் பார்த்திருக்கிறான், என் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறான், தனக்குத் தோதான வார்த்தையை அதில் வைத்துவிட்டான். ‘என்ன சொன்னீங்க?’ ‘வீட்ல விசேஷம்னு சொன்னேன். தங்கமான மனுசன், ஒரு கேள்வி கேக்கல. என்னமோ எனக்கு வாழ்த்துகூடச் சொன்னாரு.’ ‘என்ன விசேஷம்?’ ‘என்னமோ ஒரு விசேஷம். காதுகுத்து, கிரகப்பிரவேசம், யார் வீட்ல இல்ல? வரலைன்னு சொல்றதுக்கு அத விட நல்ல வார்த்தை கெடையாதுடி பிசாசு, யார் மனசும் நோகாது.’ அவன் முகத்தைப் பார்த்தேன். மறைக்கிற முகம் இல்லை. இந்த மடையனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அத்தைதான் முதலில் பிடித்துக்கொண்டார், வாயில் போட்ட பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ‘டேய், நீ என்னன்னு சொன்ன? இன்னொரு தரம் சொல்லு’ என்றார். ‘வீட்ல விசேஷம், அவ வரமாட்டான்னேன்.’ ‘அடப் படுபாவி! புதுசாக் கல்யாணமானவன் வீட்ல விசேஷம், பொண்டாட்டி வரமாட்டான்னா, கேக்குறவன் காதுகுத்துன்னா நெனைப்பான்?’ அவன் வாய் அப்படியே திறந்திருந்தது. என்னைப் பார்த்தான், என் வயிற்றைப் பார்த்தான், மடியில் அப்போதுதான் இன்னொரு வாழ்த்து நடுங்கியது. ‘ஐயையோ’ என்றான், சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அத்தை சோபாவில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். ‘என்ன? என்ன?’ என்றார் மாமா. அத்தை அவர் காதோரம் போய், ‘விசேஷமாம்! கோதைக்கு! விசேஷம்னு இவன்’ என்று கத்தினார், அதற்குமேல் சிரிப்பில் வரவில்லை. மாமாவுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. எழுந்தார். வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு சாமி அலமாரிக்குப் போய் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார், முருங்கைக்கீரைக்கு முன்னால் குனிந்து என் நெற்றியில் பூசினார், ‘நல்லா இரும்மா’ என்றார். கண்ணில் தண்ணீர். ‘அப்பா, இல்லப்பா, அந்த விசேஷம் இல்லப்பா’ என்று குகன் தரையில் உருண்டான். மறுபடி காதில் கத்தி அவருக்குப் புரியவைத்தார்கள். புரிந்ததும் மாமா தன் விரலில் மிச்சமிருந்த விபூதியைப் பார்த்தார். ‘ஓ’ என்றார். அதை வேட்டியில் துடைக்க மனசில்லாமல் தன் நெற்றியிலேயே இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, அவரையாவது விட்டுவைத்திருக்கலாம் இந்த விளையாட்டில்.

‘சிரியேன்’ என்றான் என்னைப் பார்த்து. சிரித்திருக்க வேண்டும் நியாயப்படி. அப்படித்தானே படம் எடுத்திருக்கிறார்கள், பாலில் விஷமில்லை என்று தெரிந்தால், பூனை வாலாட்டினால், எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட வேண்டும், அதோடு சரி. நான் மத்தியானத்திலிருந்து எந்தப் பொய்க்காக அவனை மனசுக்குள் அறைந்துகொண்டிருந்தேனோ அந்தப் பொய்யை அவன் சொல்லவே இல்லை. சரி. அப்படியானால் என் கோபம் இறங்க வேண்டுமே. இறங்கவில்லை. இன்னும் ஏறுகிறது. அந்தப் பொய் இருந்தவரைக்கும் கோபத்துக்கு உட்கார ஒரு இடமாவது இருந்தது, இப்போது அது வீடு முழுக்க அலைகிறது, சோபாமேல் போகிறது, சுவர்க் கடிகாரத்தின்மேல் போகிறது, அவன் தின்ற அப்பளத்தின்மேல் போகிறது. பிள்ளை என்று சொல்லவில்லை, காதுகுத்து என்று நினைத்தான், அதனால் என்ன, என் வேஷம் போய்விட்டது. என் வாயை யாரும் அடைக்கவில்லை, என் வாய் இருக்கிறதென்ற ஞாபகமே இல்லாமல் இன்னொரு வாய் பேசிவிட்டு வந்திருக்கிறது, சிரித்த முகமாக, யார் மனசும் நோகாமல். யார் மனசும் என்றால் யார் யார்? அந்தக் கணக்கில் நான் வருவேனா? கேளு, கோதை, கேளு. வாய்க்குள் கேட்டேன். விளம்பரம் முடிந்துவிட்டது. டிவியில் நாடகக் கம்பெனி முதலாளி பெரிய மாலையோடு பத்மாவதி வீட்டுக்கு வருகிறார், அம்மணி, உங்கள் நாடகம் வேண்டும் என்று கும்பிடுகிறார். சாம்பமூர்த்தி வெட்கப்பட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். வரப்போகிறது. இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்லுகிற வசனம். பத்மாவதி முதலாளியைப் பார்ப்பாள், புருஷனைப் பார்ப்பாள், கையிலிருக்கிற தாளையெல்லாம் கிழிப்பாள், அதில் ஒரு துண்டில் முறுக்கை வைத்துப் புருஷனுக்கு நீட்டுவாள், ‘இனி நான் எழுதப்போகிற ஒரே நாடகம் நம் குடும்பந்தான், அத்தான்!’ என்பாள். உடனே படம் முடிந்து வணக்கம் கார்டு. போன தடவை நானும்கூடச் சொன்னேன், என் குரலில், யாருக்கும் கேட்காமல். இப்போது யோசித்தால், அந்த வசனத்தைச் சொல்லும்போது அவள் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். முறுக்கை நீட்டுகிற கை தெரியும், சாம்பமூர்த்தியின் பல் தெரியும், அவள் முதுகு தெரியும். அவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்த நடிகைக்கு அந்த வசனத்துக்கான முகம் கடைசிவரைக்கும் வரவில்லையோ என்னவோ.

‘சரி, சரி, மூஞ்சியத் தூக்காத’ என்றான் குகன், கண்ணோரம் சிரிப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே. ‘இதெல்லாம் ஒரு விசயமா? இப்பவே சாருக்குப் போட்டு, சார், நீங்க நெனைக்கிற விசேஷம் இல்ல, இது வேற விசேஷம்னு சொல்லிட்டா முடிஞ்சுது.’ சொல்லிக்கொண்டே குனிந்து, முறத்துக்கு மேலாகக் கையை நீட்டி, என் மடியிலிருந்த போனை எடுத்தான். எடுத்த விதத்தில் எந்தத் தப்பும் இல்லை, தண்ணீர் டம்ளரை எடுக்கிற மாதிரிதான் எடுத்தான். வேற விசேஷம். இன்னமும் காதுகுத்துத்தான். இன்னமும் நான் போகவில்லை. சாரின் பேரைத் தேடிக் கட்டைவிரல் மேலும் கீழும் போகிறது, என் போனில், என் சார், என் வேஷம். நான் எழுந்துகொண்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை, மடியிலிருந்த காம்பெல்லாம் உதிர்ந்தபோதுதான் தெரிந்தது. கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றும் இல்லை, அது என் போன்.

‘வைங்க.’

டிவியில் முதலாளி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார், வயலின்கள் வேறு. அந்தச் சத்தத்துக்குக் கீழே, தரையோடு தரையாக அது போனது. குகன் கட்டைவிரல் நின்றது. அத்தை பாக்கு மெல்லுவதை நிறுத்தினார். கோடி நாற்காலியில், நெற்றியில் கோணல் விபூதியோடு உட்கார்ந்திருந்த மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார், என் வாயைக்கூட அவர் பார்த்திருக்க முடியாது, சொன்னபோது நான் அவருக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன், அப்புறம்தான் திரும்பினேன். ரிமோட்டை எடுத்து ஒரு பித்தானை அமுக்கினார். வீடு பொசுக்கென்று அமைதியானது. ‘அதான் வைக்கச் சொல்லுதுல்ல’ என்றார் மகனிடம், எப்போதும்போல உரக்க. ‘வைடா.’

‘இல்லப்பா, நான் சும்மா…’ என்றவன் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த அன்றைக்கு அவன் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் இன்றைக்கு என் மூஞ்சியில் கரி இல்லை, துடைத்துவிட்டு வேறொருத்தியாக மாற எண்ணெயும் இல்லை. போனை முறத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன். சாரின் பேரை அமுக்கினேன், மணி போய்க்கொண்டிருந்தது. எடுப்பாரா, எடுத்தாலும் வேஷத்தைத் திருப்பித் தருவாரா, ரோசலின் இந்நேரம் துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு நிற்பாளோ. டிவியில் பத்மாவதி தாளைக் கிழித்தாள், சத்தமில்லாமல். முறுக்கை நீட்டினாள். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் என்னவோ சொன்னாள். யாரும் சேர்ந்து சொல்லவில்லை. அத்தை வாயைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சாம்பமூர்த்தி எல்லாப் பல்லையும் காட்டினான், வணக்கம் என்று எழுத்து வந்தது, அப்போது அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ‘யாரு, கோதையா? என்னம்மா, ஒடம்பு எப்படி இருக்கு?’

‘சார்’ என்றேன், ‘எனக்கு விசேஷம் ஒண்ணும் இல்ல. ரோசலின இறங்கச் சொல்லுங்க, நான் வரேன்.’